மிட்டாய்க் கடையிலிருந்து பிள்ளையார் கோயில் வரை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் எழுத்து கோடு போட்ட தாளிலும் நேராக நிற்காது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். மறதி வேறு கூடிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, எதற்கு வந்தோம் என்று யோசிக்கிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே புதுசாக இருக்கிறது. ஆனால் இந்தக் காரியத்தில் குழப்பத்தை உண்டாக்கினவள் நான். அதனால் நானே எழுதினால்தான் முறை என்று பட்டது.

கோவில்பட்டியில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எந்தத் துறை என்று வேண்டாம். என் வீட்டுக்காரர் அங்கே காவலாளியாக இருந்தவர். அவர் போன பிறகு கருணை அடிப்படையில் எனக்குத் துப்புரவுப் பணி கொடுத்தார்கள். கூட்டுவது, தண்ணீர் பிடித்து வைப்பது, மேஜை துடைப்பது. பிறகு ஆள் குறைந்துபோய், தபால் கொண்டுபோகிற வேலையும் என் தலையில் வந்தது. தபால் என்றால் தபால்காரர் கொண்டுவருவது இல்லை. ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் போகிற காகிதங்கள். பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, தபால் நோட்டில் அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

எனக்குப் பிறந்த ஊர் எப்போதும்வென்றான். எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர், கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில்தான், நான் எதையாவது வைத்த இடம் தெரியாமல் முழித்தால், "ஊரு பேருதான் எப்போதும்வென்றான். ஒரு சாவிக்கொத்தைக் காப்பாத்த முடியல" என்பார். நாக்கு அப்படி. ஆனால் என் வீட்டுக்காரர் காரியத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான்.

நான் அதிகமாகப் போனது கருவூலத்துக்கு. எங்கள் அலுவலகம் ஊருக்கு ஒரு கோடி, கருவூலம் மறு கோடி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இப்போது காசு இல்லை. ஆனால் பஸ் வர வேண்டுமே. வெயிலில் நின்று நின்று பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினால், அவர்கள் டிக்கெட் கொடுப்பதில்லை. டிக்கெட்டைத் தாளில் ஒட்டிக் கொடுத்தால்தான் அலுவலகத்தில் காசு திரும்ப வரும். ஆகவே ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். பாதி நாள் நடந்தே போவேன். முழங்கால் ராத்திரி முழுக்கப் பேசும்.

என் கதை இவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் களப்பணி பார்த்த ஒரு மேடத்தின் கதைதான் பெரிது. அவருக்குச் சின்ன வயதிலேயே வாதம் வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. கையில் ஒரு தடி. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். உதவித்தொகை கேட்டு மனுப் போடுகிறவர்களின் வீட்டுக்கே போய், விசாரித்து எழுதி வருகிற வேலை. ஆம்பிளை ஆட்கள் போய்க் கேட்டால் வாசலில் நின்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வருவார்கள். இந்த மேடம் வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார். கிழவிகள் மகன் அடித்தது வரைக்கும் சொல்லி அழுவார்கள். துறைத் தேர்வு எழுதி, இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை பாஸாகி வாங்கின பதவி அது.

பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று வைத்திருந்தார். கரிசல் மண் மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். செருப்பில் அப்பினால் ஒரு கால் ஒரு படி கனக்கும். அந்தச் சின்னச் சக்கரத்தில் மண் அப்பி, வண்டி சாய்ந்து, மேடத்துக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஆட்டோ பிடித்து, சம்பளத்தில் பாதியை ஆட்டோவுக்குக் கொடுத்து ஊர் ஊராகப் போனார். அது எத்தனை நாளைக்கு முடியும்? போகிற ஊர் குறைந்தது. மனுக்கள் தேங்கின. களப்பணிக்கு இயலாதவர், தூத்துக்குடியில் நாற்காலி வேலைக்கு மாற்றலாம் என்று ஒரு காகிதம் தயாரானது. கண்காணிப்பாளர் மேஜைத் தட்டில் அது கையெழுத்தாகாமல் கிடந்தது. மேஜை துடைக்கிறவள் நான். தமிழில்தான் இருந்தது, படித்துவிட்டேன்.

மேடம் அதைப் பற்றி என்னிடம் ஒரு தடவைதான் பேசினார். "யக்கா, கருவேல முள்ளுக்குள்ள நடன்னாலும் நடந்துருவேன். உக்காருன்னா எனக்கு உக்காரத் தெரியாது."

அந்தச் சமயத்தில்தான் அவர் எங்கோ படித்துவிட்டு வந்தார். வேறு இடங்களில் அரசு வேலைக்காரர்கள் செல்போனில் வண்டி கூப்பிட்டு வேலையாகப் போனால், அந்தக் காசைத் திருப்பித் தருகிறார்களாம். வாடகைச் சைக்கிள் எடுத்து ஓட்டினால் அதற்கும் தருகிறார்களாம். மேடம் இதை எழுதி அதிகாரியிடம் மனுவாகவே கொடுத்துவிட்டார். எங்கள் ஊருக்குள்ளும் அப்போது செல்போனில் கூப்பிடுகிற பைக்கும் ஆட்டோவும் வந்துவிட்டன.

கண்காணிப்பாளர் மனுவைப் படித்துவிட்டு, "சைக்கிளுக்குமா? நாளைக்குச் செருப்பு தேஞ்சதுக்கும் பில்லு வரும் போலுக்கே" என்றார்.

"தேஞ்சா கொடுக்கத்தான வேணும் அண்ணாச்சி?" என்றார் மேடம்.

அதிகாரி அம்மா அதிகம் பேசாதவர். மேலே எழுதி, ஆறு மாதத்துக்குச் சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்று அனுமதி வாங்கினார். இரண்டு பேருக்கு மட்டும். களப்பணிக்கு மேடம், தபாலுக்கு நான். தணிக்கைக்கு வருகிறவர்கள் பில்களைப் பார்த்து, சரி என்று எழுதினால் தொடரலாம். சரியில்லை என்றால் அன்றோடு நின்றுபோகும். நின்றுபோனால் தட்டில் கிடக்கிற காகிதம் கையெழுத்தாகும். இது எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும், நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

செல்போனில் வண்டி கூப்பிட மேடம்தான் சொல்லிக் கொடுத்தார். "இந்தா, இந்த நீலப் புள்ளிதான் நீங்க. எங்கன போகணுமோ அங்கன விரலை வைங்க. நாலு நம்பர் வரும். அதை வண்டிக்காரர்ட்ட சொல்லணும்." நான் அந்த நாலு நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். வேர்வையில் அழிந்துபோகும், மறுபடி எழுதுவேன்.

முதல் நாள் பைக் வந்துவிட்டது. வண்டிக்காரர் போன் போட்டு, "எக்கா, வாசல்ல நிக்கேன், வாங்க" என்றார். தபால் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். எதிரே டீக்கடை. பதினோரு மணி. எங்கள் அலுவலகத்து ஆட்கள், மனுக் கொடுக்க வந்தவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் கையில் கிளாஸோடு ரோட்டைப் பார்த்து நிற்கிறார்கள். நான் ஒரு ஆம்பிளைக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்தது என் வீட்டுக்காரர் சைக்கிளில்தான். அதற்குப் பிறகு இல்லை. புருஷன் இல்லாதவள், இந்த வயதில், யாரோ ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, இத்தனை பேர் முன்னால் போவதா? அப்படியே திரும்பி உள்ளே போய்த் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வண்டிக்காரர் மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கும் நடந்தேதான் போனேன்.

மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ரோடு திரும்புகிறது. அந்த முக்கில் ஒரு கடலைமிட்டாய்க் கடை. டீக்கடையிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது. நடந்து போய் அதன் நிழலில் நின்றுகொண்டு அங்கிருந்து வண்டி கூப்பிட்டேன். வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். முன்னால் தீப்பெட்டி ஆபீசில், தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம், பண்டல் ஏற்றிக்கொண்டிருந்தவராம்.

"பிடிச்சுக்கிடுங்க எக்கா" என்றார்.

"எதை?"

"பின்னால கம்பி இருக்கு பாருங்க. என்னையப் பிடிக்கச் சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தபால் பையை இரண்டு பேருக்கும் நடுவில் சுவர் மாதிரி வைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பினதும் முகத்தில் காற்று அடித்தது. முக்கால் மணி நேரம் நடக்கிற வழி. பாட்டு இரண்டு பாடி முடிப்பதற்குள் கருவூலம் தெரிந்துவிட்டது.

கருவூலம் தெரிந்ததும் மறுபடி பயம் வந்தது. அங்கே வேப்பமரத்தடியில் ஓய்வூதியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் என் வீட்டுக்காரரோடு பழகினவர்கள். "இங்கன நிப்பாட்டுங்க" என்றேன்.

"அந்தா தெரியுதே கருவூலம், வாசல்லயே விடுதேன்."

பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில் இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "சாமி கும்பிடணும்."

சொல்லிவிட்டுக் கும்பிடாமல் போனால் பிள்ளையார் முன்னாலேயே பொய் சொன்னதாக ஆகிவிடுமே. வண்டி திரும்பும் வரை நின்று, தலையில் குட்டிக்கொண்டு, பிறகு கருவூலத்துக்கு நடந்தேன். அன்றிலிருந்து அதே வழிதான். மிட்டாய்க் கடை முக்கில் ஏறுவேன், பிள்ளையார் கோயிலில் இறங்குவேன். அந்த வண்டிக்காரரே பல தடவை வருவார். "எக்காவுக்குப் பக்தி சாஸ்தி" என்பார். நான் பிள்ளையார் பக்கம் திரும்பித் தலையில் குட்டிக்கொள்வேன்.

வேலை நன்றாக நடந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். காலையில் போன தபாலுக்கு மத்தியானத்துக்குள் கையெழுத்து வந்துவிடும். முழங்கால் வாய் மூடிக்கொண்டது. மேடம் செல்போனில் ஆட்டோ கூப்பிட்டு, முன்னே போகாமல் விட்ட ஊருக்கெல்லாம் போனார். ஐப்பசி மழையில் ஒரு நாள் முழங்கால் வரை கரிசல் மண்ணோடு வந்து நின்றார். நான் தண்ணீர் ஊற்றக் காலைக் கழுவிக்கொண்டே, "யக்கா, ஒரு பாட்டி மூணு வருசமா மனுப் போடுதாளாம். யாருமே வரலியாம். நான் ஆட்டோவுல போய் எறங்குனதும், எந்தக் கட்சிம்மான்னு கேக்கா" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஒவ்வொரு தடவையும் பில் என் செல்போனுக்கு வரும். கம்ப்யூட்டர் பிரிவில் அதைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் சேர்ப்பார்கள். இங்கிலீஷில் இருக்கும். நான் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன்.

தணிக்கைக்கு வந்தவர் வெளியூர்க்காரர். கண்ணாடி போட்டவர், மெல்லப் பேசுவார். இரண்டாம் நாள் மத்தியானம் கண்காணிப்பாளர் ஒரு கட்டுக் காகிதத்தோடு நான் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்கே வந்துவிட்டார்.

"எம்மா, நாலு மாசமா அரசாங்கக் காசுல மிட்டாய் வாங்கிட்டுப் பிள்ளையாரப் பாத்துட்டு வந்திருக்கீயளே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விரல் வைத்துக் காட்டினார். ஏறின இடம் என்று மிட்டாய்க் கடையின் பெயர். இறங்கின இடம் என்று கோயிலின் பெயர். ஒரு பில் இல்லை, எல்லாப் பில்லும். ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும் அதில் விழும் என்று நான் கண்டேனா?

உள்ளே கூப்பிட்டார்கள். தணிக்கைக்காரர் கோபமாகப் பேசவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. "தபால் நோட்டுல கையெழுத்து இருக்கும்மா. தபால் போயிருக்கு. ஆனா இந்தப் பயணம் அலுவலகப் பயணம்னு எப்படி எழுதுறது? கடையில இருந்து கோயிலுக்குன்னு இருக்கு. இது சொந்த வேலைன்னு தான் யாரும் படிப்பாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே அனுமதி. ஒருத்தர் பில் இப்படி இருந்தா, இந்த ஏற்பாட்டுக்கு நான் சரின்னு எழுத முடியாது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள விளக்கம் கொடுங்க."

மேடம் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பில்கள் அத்தனையும் சுத்தம். என் முகத்தைப் பார்க்காமல் தன் தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒன்றைச் சொன்னேன். "அந்தக் காசு பூராத்தையும் நான் கட்டிருதேன் சார்."

வெளியே வந்ததும் கண்காணிப்பாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு வைதார். "கட்டுதேன்னு சொல்லுதீய. கட்டுனா தப்புப் பண்ணுனேன்னு கையெழுத்துப் போட்ட மாதிரி. அப்புறம் அந்தப் பிள்ளையத் தூத்துக்குடிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். எதுக்கு அங்கன போய் ஏறுனீயன்னு கேட்டா வாயத் தொறக்க வேண்டியதுதான?"

திறக்க முடியவில்லை. இரண்டு ஆம்பிளைகளும் அதிகாரி அம்மாவும் இருக்கிற அறையில், ஆம்பிளை வண்டியில் ஏறக் கூச்சப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால், இவளுக்கு எதற்கு இந்த வயதில் அந்த நினைப்பு என்று நினைப்பார்கள். திருடினேன் என்று சொல்வது அதைவிடச் சுலபமாகத் தோன்றியது.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பின பிறகு மேடம் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "யக்கா, கோயிலுக்கு எதுக்குப் போனீங்க?"

"போகல. வெளிய நின்னு கும்பிட்டேன்."

"எதுக்கு?"

சொல்லிவிட்டேன். டீக்கடை, வேப்பமரத்தடி, தண்ணீர் டிரம் எல்லாம் சொன்னேன். மேடம் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க மேடம்."

"உங்களப் பாத்துச் சிரிக்கல யக்கா. என் வேலை நாலு மாசமா ஒரு டீக்கடைக்குப் பயந்து தொங்கிக்கிட்டு இருந்திருக்கே, அதுக்குச் சிரிக்கேன்." பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "நானும் மொத நாள் ஆட்டோவுல காலை இழுத்து ஏறுனப்ப, யாரு பாக்கான்னுதான் சுத்தி முத்திப் பாத்தேன். இதை நீங்கதான் சொல்லணும். நான் போய்ச் சொன்னா, என் காரியத்துக்கு உங்கள ஏவி விட்டேன்னு ஆயிரும்."

"எனக்குப் பேச வராது."

"எழுத வரும்லா?"

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு உட்கார்ந்து எழுதினேன். நாலு தாளைக் கிழித்தேன். ஐந்தாவது தாளில் இவ்வளவுதான் இருந்தது: "ஐயா, நான் மிட்டாய் வாங்கவில்லை. கோயிலுக்குள் போகவில்லை. பைக்கில் ஆம்பிளைக்குப் பின்னால் ஏறுவதை டீக்கடையில் இருப்பவர்கள் பார்ப்பார்கள் என்று கூச்சப்பட்டு முக்கில் போய் ஏறினேன். கருவூலத்திலும் அப்படியே. தபால் எல்லாம் சேர்ந்துவிட்டது. மேடம் மேல் தவறு இல்லை."

காலையில் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன். படித்தார். திருத்துவார் என்று நினைத்தேன். ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் முத்திரை குத்தினார். கேலியும் பண்ணவில்லை.

தணிக்கைக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அந்த முக்கு எவ்வளவு தூரம்மா?"

"ஒரு எட்டுதான் சார்."

"எழுதிக் கொடுத்ததை நான் பார்க்கணும். வாங்க, நடந்தே போவோம்."

அப்படியாக ஒரு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நான், பக்கத்தில் தணிக்கைக்காரர், பின்னால் கண்காணிப்பாளர், கடைசியில் தடியை ஊன்றி மேடம். மணி பதினொன்று. டீக்கடையில் அதே கூட்டம். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

"என்ன அண்ணாச்சி, ஆடிட்டு ரோட்டுக்கே வந்துருச்சா?" என்றார் டீ போடுகிறவர்.

"நீ டீய ஆத்துடே" என்றார் கண்காணிப்பாளர்.

"எம்மாவ எங்கன கூட்டிட்டுப் போறீய? ஏதும் தப்புப் பண்ணிட்டாவளா?" என்று இன்னொருவர் கேட்டார்.

தணிக்கைக்காரர் நடை கொஞ்சம் மாறியது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி கோப்பை மாற்றி மாற்றிப் பிடித்தார். முக்குத் திரும்பினதும், "எல்லாரும் பாக்கத்தான் செய்றாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மிட்டாய்க் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். தணிக்கைக்காரர் அவரிடம், "இவங்க உங்க கடைக்கு வருவாங்களா?" என்று கேட்டார்.

"கடைக்கா?" என்றார் அவர். பல நாளாக உள்ளே வைத்திருந்ததைச் சொல்ல ஆள் கிடைத்த மாதிரி இருந்தது அவர் முகம். "நாலஞ்சு மாசமா நிக்காவ சார். பையக் கையில வச்சிக்கிட்டு எங்கடை நெழல்ல நிப்பாவ, பைக் வரும், ஏறிப் போயிருவாவ. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஒரு துண்டு மிட்டாய் வாங்குனதில்ல. எம் பொண்டாட்டிகிட்டயே சொல்லியிருக்கேன், இப்பிடியும் ஒரு மனுசி உண்டுமான்னு."

எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. கண்காணிப்பாளர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. தணிக்கைக்காரர் கால் கிலோ மிட்டாய் வாங்கினார். சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதுக்குப் பில்லு வேண்டாம்" என்றார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

திரும்பி வந்து தபால் நோட்டையும் பில்களையும் தேதி தேதியாக வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒத்துப்போனது. எழுதுவதற்குப் பேனாவைத் திறந்துவிட்டு, "ஏத்துக்கறேன்மா. ஆனா இனிமே அலுவலக வாசல்லதான் ஏறணும், வாசல்லதான் இறங்கணும்னு எழுதிடறேன்" என்றார்.

சரி என்று தலையாட்டியிருக்கலாம். காரியம் முடிந்துவிட்டது. எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை, பேசினேன்.

"நான் ஏறிருவேன் சார். நாளைக்கு இந்த ஏற்பாடு எல்லாருக்கும்னு வந்தா, வேற பொம்பளையளும் வருவாவ. என்னைய மாதிரி கூச்சப்படுதவ ஒருத்தி இருப்பா. வாசல்ல ஏற மாட்டாம, நடந்தே போயிருவா. யாருக்கும் தெரியாது. முக்குல ஏறுனாலும் தபால் போற எடத்துக்குத்தான சார் போகுது?"

நான் என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினதில்லை. தணிக்கைக்காரர் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார். பிறகு எழுதினார். எழுதினதைக் கண்காணிப்பாளர் எனக்குப் படித்துக் காட்டினார்: பெண் பணியாளர்கள் அலுவலகத்துக்கு அருகில் ஏறினாலும் இறங்கினாலும், காரணம் எழுதி, தபால் நோட்டோடு அல்லது பயணக் குறிப்போடு ஒத்துப்போனால், ஏற்கலாம். இந்த ஏற்பாட்டைத் தொடரலாம்.

"வாயில்லாப் பூச்சின்னுல்லா நெனச்சோம்" என்றார் கண்காணிப்பாளர்.

நான் தேநீர் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போகும்போது மேடம் என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார், அவ்வளவுதான்.

மறுநாள் நான் அலுவலக வாசலில் நின்று வண்டி கூப்பிட்டேன். வேறு இடத்தில் ஏறலாம் என்று எழுதி வாங்கினவளே ஏன் அங்கே நின்றேன் என்று கேட்டால், நேற்று அந்த ரோட்டில் நடந்த பிறகு மறைக்க ஒன்றும் மிச்சம் இல்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்காரர்தான் வந்தார். தபால் பையை நடுவில் வைத்து ஏறி உட்கார்ந்தேன். டீக்கடையில் பேச்சு நின்றது. ஏதோ வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எக்கா, சேலைய இழுத்துச் சொருகுங்க, சக்கரத்துல மாட்டிரும்" என்று ஒரு குரல் வந்தது. சொருகிக்கொண்டேன். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்கள். நாலு மாதம் நான் பயந்த கூட்டம் அவ்வளவுதான்.

பிறகு ஆணை வந்தது. முதலில் எங்கள் இரண்டு பேருக்கு, கொஞ்ச நாளில் களப்பணி பார்க்கிற மற்றவர்களுக்கும். வேறு பிரிவில் இரண்டு பெண்கள் செல்போனில் வண்டி கூப்பிட ஆரம்பித்தார்கள். அதில் ஒருத்தி இரண்டு தெரு தள்ளிப் போய் ஏறினாள். யாரும் கேட்கவில்லை. பயணக் குறிப்பில் ஒரு வரி எழுதினாள், காசு வந்தது.

ஆணை வந்த அன்று கண்காணிப்பாளர் தன் மேஜைத் தட்டிலிருந்து அந்தத் தூத்துக்குடிக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதைக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டு போங்க. வண்டி கூப்பிடாதீய, நடந்தே போங்க" என்றார். நான் அதை நாலாகக் கிழித்துத்தான் போட்டேன். அப்படிச் செய்யலாமா என்று தெரியாது. யாரும் தடுக்கவில்லை.

நான் அடுத்த வருஷம் ஓய்வு பெற்றேன். மேடம் இன்னும் அதே களப்பணியில்தான் இருக்கிறார். போன மாதம் மழை விட்டிருந்த ஒரு மத்தியானத்தில் எனக்குப் போன் பண்ணினார். ஆட்டோ சத்தத்தில் பாதி கேட்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் ஏதோ ஊரில் இருக்கிறாராம். வண்டி மண்ணில் பாதியில் நின்றுவிட்டதாம், ஊர்ப் பெண்கள் தள்ளுகிறார்களாம். மூன்று மனு அன்றைக்கே முடியுமாம். "யக்கா, நீங்களும் வந்திருக்கலாம்" என்றார்.

இதைப் படிக்கிறவர்களில் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். சோதனை ஆறு மாதத்துக்குத்தானா, அதற்கு மேலா என்று ஆணையைப் பார்த்துச் சொல்லுங்கள். தணிக்கைக்காரர் எழுதின வரி என் ஞாபகத்திலிருந்து எழுதினது. கோப்பில் வேறு மாதிரி இருந்தால் அதைத்தான் போட வேண்டும். மேடத்துக்கு இறங்கினது எந்தத் தோள்பட்டை என்பது எனக்கு நினைவில்லை, அதனால்தான் வலது இடது என்று எழுதவில்லை. மிட்டாய் கால் கிலோவா, அரைக் கிலோவா, அதையும் கடைக்காரரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நான் போய்க் கேட்டால், இப்போதாவது வாங்கச் சொல்லுவார்.